திகட்டுவது நாக்குக்கு, வயிற்றுக்கு அல்ல

கல்யாணப் பந்தியில் ‘இனி ஒரு கவளம்கூட முடியாது’ என்று சாம்பாருக்குக் கை காட்டி மறுத்திருப்போம். அடுத்த நிமிடம் பாயச வாளி வந்ததும் இலையில் இடம் ஒதுக்குவோம். இதைப் பேராசை என்று நினைத்துக் கூச வேண்டியதில்லை. நாக்கின் இயல்பே அதுதான்.

நம்பிக்கை: வயிறு நிறைந்தால்தான் சாப்பிடுவதை நிறுத்துகிறோம்.

உண்மை: வயிறு நிறையும் முன்பே பலமுறை நாக்குக்குத் திகட்டிவிடுகிறது. சாப்பிட்ட பண்டத்தின் மேல்தான் ஆசை குறையும். வேறு சுவை மேல் உள்ள ஆசை பெரிதாகக் குறையாது. ஆய்வாளர் பார்பரா ரோல்ஸ் குழுவினர் 1981-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே வகை சாண்ட்விச் கிடைத்தபோது சாப்பிட்டதைவிட, நான்கு வகை கிடைத்தபோது பங்கேற்றவர்கள் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகச் சாப்பிட்டார்கள்.

நம்பிக்கை: வகைவகையாகச் சாப்பிட்டாலே ஆரோக்கியம்.

உண்மை: எதில் வகை என்பதே கேள்வி. காய், கீரை, பயறு, பழம் என்று மாறினால் சத்து கூடும். மேசையில் மிக்சர், முறுக்கு, பிஸ்கட் மூன்றும் திறந்திருந்தால், காரம் திகட்டும்போது கை இனிப்புக்குப் போகும். அது திகட்டினால் மறுபடி காரம். அதனால் ஒரு நேரத்துக்கு ஒரு டப்பாவை மட்டும் திறங்கள்.

நம்பிக்கை: பிள்ளை துப்பிய காய் அதற்கு என்றைக்கும் பிடிக்காது.

உண்மை: பழகப் பழகத்தான் பிடிக்கும். பல பிள்ளைகளுக்கு ஒரு புதுச் சுவை பழக 8 முதல் 15 முறை வரை ஆகலாம். நாமோ மூன்றாம் முறையிலேயே கைவிட்டுவிடுகிறோம். இன்று பீர்க்கங்காய்க் கூட்டில் விரல்நுனி அளவு வையுங்கள். துப்பினால் திட்டாமல், இரண்டு நாள் கழித்து மறுபடி வையுங்கள். ‘காயைத் தின்றால் சாக்லேட்’ என்று பேரம் பேசாதீர்கள். பரிசாகத் தரும் பண்டத்தின் மேல்தான் பிள்ளைக்கு ஆசை வளரும்.

நம்பிக்கை: நாக்கு கேட்பதெல்லாம் உடம்புக்குத் தேவையானது.

உண்மை: பெரும்பாலும் அது பழக்கத்தின் குரல். மாலை நான்கு மணிக்கு பஜ்ஜி தின்று பழகிய நாக்கு அதே நேரத்துக்கு பஜ்ஜியைத்தான் கேட்கும். ஆனால் மண், சாம்பல், ஐஸ்கட்டி, பச்சரிசி என்று ஓயாமல் மெல்லத் தோன்றினால் அலட்சியம் வேண்டாம். இரும்புச்சத்துக் குறைவோடு அதற்குத் தொடர்பு உண்டு. ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

திகட்டும் குணத்தை நம் பக்கம் திருப்பவும் முடியும். நாளை சோற்றுக்கு ஒரு பொரியலோடு நிறுத்தாமல், ஒரு கீரை மசியலும் கொஞ்சம் வெள்ளரிக்காய்ப் பச்சடியும் சேர்த்து வையுங்கள். பொரியல் திகட்டியதும் கை அடுத்த காய்க்கே போகும்.