வீட்டில் உடன்பாட ஒருவர்

காஞ்சிபுரத்தில் 1919இல் பிறந்த டி.கே.பட்டம்மாள் குருகுலத்தில் தங்கிப் பயின்றவர் அல்லர். தந்தை சொல்லித்தந்தவற்றையும் கச்சேரிகளில் கேட்டவற்றையும் வீட்டில் பாடிப் பாடியே வளர்ந்தார். தம்பி ஜெயராமன் அக்காவுடன் பாடிக் கற்றார். பின்னாளில் இருவருமே சங்கீத கலாநிதி விருது பெற்றனர் (1970, 1990).

ஓரிக்கையின் நெசவாளர் வீடுகளில் பாட்டு வகுப்புக்குப் பணம் இல்லாமல் போகலாம். உடன்பாட ஒரு பாட்டியோ அக்காவோ இருப்பார். பாடநூல் பாடலில் இரண்டு அடிகளை மட்டும் வகுப்பில் பழக்கி அனுப்புங்கள். வீட்டில் பெரியவர் ஓர் அடி, குழந்தை அடுத்த அடி. ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. தொடையில் தட்டினால் போதும். அவசரமாகத் தட்டும் குழந்தை தறிச் சத்தத்தோடு சேர்ந்து தட்டிப் பார்க்கட்டும். இழை அறுந்தால் தறி நின்றுவிடும். அப்போதும் கை நிற்காமல் எண்ணிக்கையைத் தொடர வேண்டும். அதுதான் உண்மையான பயிற்சி.

மறுநாள் வகுப்பில் பாடச் சொல்லுங்கள். சுருதி விலகினால் இடைமறிக்காமல், முடித்தபின் நீங்களும் சேர்ந்து ஒருமுறை பாடுங்கள். மதிப்பெண் மட்டும் வேண்டா.