கண்ணைக் கவர்ந்ததும் காலத்தில் நின்றதும்

புதிய தொழில்நுட்பங்கள் நாள்தோறும் தோன்றுகின்றன. அவற்றுள் எது நிலைக்கும், எது மறையும் என்பதைத் தோன்றிய பொழுதிலேயே அறிதல் அரிது. வலை வல்லுநர்கள் முதன்முதலாக உலகளவில் ஒன்றுகூடிய மாநாடு இதற்குச் சிறந்த சான்றாகும். அம்மாநாட்டில் காட்டப்பட்டவை எவை, அவற்றுள் நிலைபெற்றது எது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

வலையின் தோற்றம்

இணையமும் வலையும் ஒன்றே எனப் பலர் கருதுவர். கணினிகளை ஒன்றோடொன்று பிணைப்பது இணையம். அப்பிணைப்பின் வழியே ஓர் ஆவணத்திலிருந்து மற்றோர் ஆவணத்திற்குச் சொடுக்கிச் செல்ல உதவும் அமைப்பே வைய விரிவு வலை.

சுவிட்சர்லாந்து, பிரான்சு ஆகிய நாடுகளின் எல்லையில், ஜெனீவா நகரை அடுத்துள்ளது செர்ன் என்னும் ஐரோப்பிய அணுக்கரு ஆய்வு மையம். பல நாட்டு அறிவியலாளர்கள் அங்குப் பணியாற்றினர். அவர்கள் பயன்படுத்திய கணினிகள் வெவ்வேறு வகையின. ஒன்றில் உள்ள தகவலை மற்றொன்றில் பெறுவது எளிதாக இல்லை. இக்குறையை நீக்க, டிம் பெர்னர்ஸ் லீ 1989ஆம் ஆண்டு ஒரு திட்டத்தை முன்வைத்தார். 1990ஆம் ஆண்டின் இறுதிக்குள் முதல் வழங்கியையும் முதல் உலாவியையும் உருவாக்கினார். 1993 ஏப்ரல் 30 அன்று, வலைக்கான மென்பொருளை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் எனச் செர்ன் அறிவித்தது. எழுத்தையும் படத்தையும் ஒரே பக்கத்தில் காட்டிய மொசைக் உலாவியும் அதே ஆண்டில் வெளிவந்தது. வலை விரைந்து வளரத் தொடங்கியது.

ஜெனீவாவில் கூடிய வல்லுநர்கள்

1994 மே 25 முதல் 27 வரை, முதல் பன்னாட்டு வைய விரிவு வலை மாநாடு செர்னில் நடைபெற்றது. பெர்னர்ஸ் லீயுடன் இணைந்து பணியாற்றிய இராபர்ட் கைலியோ அதனை ஒருங்கிணைத்தார். மென்பொருள் படைப்போரும் பயன்படுத்துவோருமாக ஏறத்தாழ 380 பேர் பங்கேற்றனர். மின்னஞ்சலில் மட்டுமே பழகியிருந்த பலர் நேருக்குநேர் அமர்ந்து உரையாடினர்.

அங்குப் பலரையும் ஈர்த்த கருத்துகளுள் ஒன்று முப்பரிமாண வலை. தட்டையான பக்கங்களுக்கு மாறாக, அறைகளுக்குள் நடப்பதுபோல் வலைக்குள் உலவலாம் என்னும் கனவு அது. அதற்கான வி.ஆர்.எம்.எல். என்னும் மொழி அம்மாநாட்டின் உரையாடல்களிலிருந்தே உருப்பெற்றது.

பெர்னர்ஸ் லீயின் உரையோ வேறொன்றை வலியுறுத்தியது. வலையிலுள்ள தகவலின் பொருளை மனிதர் மட்டுமன்றிக் கணினியும் உணருமாறு அமைக்க வேண்டும் என்றார் அவர். வலையை உருவாக்குவோர்க்கு அறப்பொறுப்பு உண்டு என்பதையும் நினைவூட்டினார்.

நிலைபெற்றது எது?

வி.ஆர்.எம்.எல். 1997ஆம் ஆண்டு பன்னாட்டுத் தரநிலை என்னும் ஏற்பைப் பெற்றது. எனினும், அன்றைய கணினிகளும் இணைப்புகளும் அதன் சுமையைத் தாங்கும் விரைவு கொண்டவையாக இல்லை. அது பரவலான வழக்கிற்கு வரவில்லை.

நிலைபெற்றது, பார்வைக்கு எளிய ஒன்று: அனைவர்க்கும் பொதுவான நெறிகளை ஒன்றுகூடி வகுத்தல். மாநாடு நடந்த அதே ஆண்டு அக்டோபரில், அமெரிக்காவின் மாசசூசெட்சு தொழில்நுட்ப நிறுவனத்தில் வைய விரிவு வலைக் கூட்டமைப்பைப் பெர்னர்ஸ் லீ நிறுவினார். அதே மாதம் செர்னில் பணியாற்றிய ஓக்கோன் வியம் லீ என்பவர், வலைப்பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சி.எஸ்.எஸ். முறையை முன்மொழிந்தார். 1996 திசம்பரில் அக்கூட்டமைப்பு அதனைப் பரிந்துரையாக வெளியிட்டது. இன்று நாம் காணும் வலைப்பக்கங்களின் நிறத்தையும் எழுத்தளவையும் இடைவெளியையும் வரையறுப்பது அம்முறையே.

பொதுநெறி இல்லையேல் யாது நிகழும்? 1990களின் பிற்பகுதியில் உலாவி நிறுவனங்கள் தத்தமக்கென இயல்புகளைச் சேர்த்துப் போட்டியிட்டன. ஒரே பக்கம் ஓர் உலாவியில் செம்மையாகவும் மற்றொன்றில் சிதைந்தும் தோன்றியது. குறிப்பிட்ட உலாவியில் மட்டுமே காண்க என்னும் அறிவிப்பைப் பல தளங்கள் தாங்கி நின்றன. அனைவர்க்கும் உரிய வலை கூறுபடும் இடர் அது.

தமிழ் பெற்ற பட்டறிவு

இவ்விடரைத் தமிழும் எதிர்கொண்டது. தொடக்ககால இணையத்தில் ஒவ்வொரு தமிழ்த் தளமும் தனக்கென ஓர் எழுத்துருவைப் பயன்படுத்தியது. எழுத்துகளுக்கு அவை வழங்கிய குறியீட்டெண்களும் வேறுபட்டன. ஆதலால், உரிய எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ்ப்பக்கம் பொருளற்ற குறிகளாகவே காட்சியளித்தது. தமிழர் எழுதியதைத் தமிழரே படிக்க இயலவில்லை.

இந்நிலையில் 1999 பிப்ரவரியில் சென்னையில் ‘தமிழிணையம் 99’ மாநாடு நடைபெற்றது. உயிரெழுத்துகளை இடப்புறத்திலும் மெய்யெழுத்துகளை வலப்புறத்திலும் அமைத்த ‘தமிழ் 99’ விசைப்பலகை அதன் விளைவாகப் பொதுவாயிற்று. பின்னர், உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி எண் வழங்கும் ஒருங்குறி பரவியபோது, எழுத்துருச் சிக்கலும் பெரிதும் நீங்கியது. இன்று மதுரையில் எழுதும் மடலை மொரீசியசில் உள்ளவர் தடையின்றிப் படிப்பது அந்த உடன்பாட்டின் பயனே.

நாம் கொள்ள வேண்டியது

தொழில்நுட்ப மாநாட்டிற்குச் செல்பவர் புதுமையைக் கண்டு வியப்பது இயல்பு. வியப்போடு நில்லாமல், இது யார்க்கெல்லாம் பயன்படும், இதனைப் பிறர் திருத்தி வளர்க்க இயலுமா, எளிய கருவி உடையவரும் இதனை அடைவரா என வினவுதல் வேண்டும். நாளை நீங்களும் அத்தகைய அரங்குகளில் அமரக்கூடும். அன்று காட்சியைக் கண்டு மகிழுங்கள், இவ்வினாக்களையும் எழுப்புங்கள்.

தெரியுமா?

ஜெனீவாவில் தொடங்கிய மாநாட்டு வரிசையின் 20ஆம் மாநாடு, 2011ஆம் ஆண்டு ஐதராபாத்தில் நடைபெற்றது.

கற்பவை கற்றபின்…

1. ‘தமிழ் 99’ விசைப்பலகையின் படத்தை வரைந்து, அதில் எழுத்துகள் அமைந்துள்ள முறையை வகுப்பில் விளக்குக.
2. நீங்கள் அறிந்த புதிய தொழில்நுட்பம் ஒன்றைத் தேர்ந்து, அது அனைவர்க்கும் பயன்படுமா எனக் குழுவாகக் கலந்துரையாடுக.

வினாக்கள்

1. இணையத்திற்கும் வலைக்கும் உள்ள வேறுபாடு யாது? (குறுவினா)
2. தொடக்ககாலத் தமிழ்த் தளங்கள் எதிர்கொண்ட சிக்கலை விளக்குக. (சிறுவினா)
3. ‘பொதுநெறியே வலையை அனைவர்க்கும் உரியதாக்கியது’ – பாடத்தின்வழி நிறுவுக. (நெடுவினா)