சாக்கடையை விட்டுத் தொட்டியைப் பாருங்கள்

“சாக்கடைக் கொசு கடிச்சாத்தான் மலேரியா வரும்.” செய்யூர் போன்ற ஊர்ப்பக்கம் மட்டுமல்ல, படித்தவர் வீட்டிலும் கேட்கிற பேச்சு இது. சாக்கடையில் பெருகுவது பெரும்பாலும் கியூலெக்ஸ். யானைக்கால் நோயைப் பரப்பும், மலேரியாவைப் பரப்பாது. மலேரியாவுக்குப் பெண் அனோபிலஸ் கடிக்க வேண்டும். சென்னையில் அந்த வேலையைச் செய்யும் அனோபிலஸ் ஸ்டீபன்சிக்குப் பிடித்ததோ நல்ல தண்ணீர்: மூடாத கிணறு, மூடி உடைந்த மாடித் தொட்டி, கட்டட வேலைக்குத் தேக்கிய நீர். வாசல் கால்வாயில் பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டு நிம்மதியாகப் படுக்கிறோம் (தூவினால் நாலு பேர் கண்ணில் படும், தொட்டியைக் கழுவினால் யார் பார்க்கப்போகிறார்கள்?).

தொட்டியை எட்டிப் பாருங்கள். நீர்ப்பரப்பை ஒட்டிப் படுத்த வாக்கில் கிடக்கும் புழு அனோபிலஸ். தலைகீழாகத் தொங்குவது மற்ற கொசு. முட்டை கொசுவாக நம் ஊர் வெயிலில் ஏறத்தாழ 7 முதல் 10 நாள் ஆகும். அதனால்தான் வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவச் சொல்கிறார்கள். கிணற்றில் கம்பூசியா மீன் விட்டால் புழுவைத் தின்னும். ஏரி, குளத்தில் மட்டும் அதை விடாதீர்கள், நாட்டு மீனுக்கு ஆகாது.

“புகை போட்டாச்சே!” புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும், தொட்டிப் புழுவைத் தொடாது.

“உப்புத் தண்ணியில கொசு வராது” என்பது உப்பளத்துப் பக்கத்து நம்பிக்கை. அந்தமான் நிக்கோபாரில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலஸ் சுண்டைக்கஸ் உவர்நீரிலும் வளர்கிறது.

“அதெல்லாம் ஆப்பிரிக்கா நோய்ங்க.” பாதி உண்மை. உலக மலேரியா நோயாளிகளில் 100க்கு 90 பேருக்கு மேல் அங்கேதான். இறப்பவர்களில் பெரும்பாலோர் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள். அங்கே அது நெடுங்காலம் கிராமத்து நோயாகவே இருந்தது. மழைத் தண்ணீரில் பெருகும் கேம்பியே என்ற அனோபிலஸ் கொசுவை மருந்து தோய்த்த கொசுவலை பெருமளவு தடுத்தது. இப்போது நம் ஸ்டீபன்சி அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. 2012இல் ஜிபூட்டியில் அது கண்டறியப்பட்டபோது அந்த நாட்டில் பதிவான மலேரியா 27. 2020இல் 73,000க்கு மேல். 2022இல் எத்தியோப்பியாவின் டிரே டாவா நகரில் மழையில்லாத மாதங்களில் மலேரியா பெருகியதற்கும் இந்தக் கொசுவே காரணம் என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். மழை இல்லாவிட்டால் என்ன, தொட்டியில் தண்ணீர் இருக்கிறதே.

“காய்ச்சல் விட்டாச்சு, மாத்திரை எதுக்கு?” இதுதான் எனக்கு அதிகம் எரிச்சல் தரும் நம்பிக்கை. நம் பக்கம் அதிகம் காணப்படும் வைவாக்ஸ் என்ற மலேரியாக் கிருமி ஈரலில் உறங்கிக் கிடந்து, வாரங்களோ மாதங்களோ கழித்து எழும். குளோரோகுயின் 3 நாளில் ரத்தத்தைச் சுத்தம் செய்யும். ஈரலில் உள்ளதை அழிக்க 14 நாள் பிரைமாகுயின் வேண்டும். நாலாம் நாள் நிறுத்தியவர், குளிர்காய்ச்சல் திரும்பியதும் புதுக் கொசுவைத் திட்டுகிறார். நிலவேம்புக் கஷாயம் ஈரலில் உறங்கும் கிருமியைக் கொல்லாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிடுங்கள், காசு கிடையாது. கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் பிரைமாகுயின் கூடாது. எனவே ஒருவருக்கு எழுதிக்கொடுத்த மாத்திரையை வீட்டில் இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டாம்.