மூன்று பேருக்கு எந்த ஹீட்டர்?

வீவக நான்கறை வீட்டில் நானும் கணவரும் மாமியாரும் இருக்கிறோம். பழைய தொட்டி ஹீட்டர் பழுதாகிவிட்டது. மின்கட்டணம் ஏறாமல் வெந்நீர் கிடைக்க எதை வாங்கலாம்?
– வாசகி, புக்கிட் பாஞ்சாங்

தயங்காமல் உடனடி ஹீட்டரை வாங்குங்கள். சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரே சுமார் 28 டிகிரியில் வருகிறது. குளிக்க 40 டிகிரி தாராளம். ஆக, ஏற்ற வேண்டிய சூடு 12 டிகிரிதான்! 3 கிலோவாட் ஹீட்டர் 10 நிமிடம் ஓடினால் அரை யூனிட் மின்சாரம், அவ்வளவே. தொட்டி ஹீட்டரை அணைக்காமல் விட்டால், யாரும் குளிக்காத நேரத்திலும் இழந்த சூட்டை ஈடுகட்ட மின்சாரம் தின்றுகொண்டிருக்கும்.

காற்றிலிருந்து வெப்பத்தை எடுக்கும் ஹீட் பம்ப், அதே வெந்நீருக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மின்சாரமே கேட்கும். ஆனால் விலை அதிகம், இடமும் வேண்டும். மூன்று பேருக்குக் கட்டுப்படியாகாது. சூரிய ஹீட்டர் வேண்டாம். அடுக்குமாடிக் கூரை உங்கள் கையில் இல்லையே.

மாமியாருக்கு இன்னும் சூடு வேண்டுமென்றால் குழாயைச் சற்றுக் குறைத்துத் திறக்கச் சொல்லுங்கள். அதே மின்சாரத்தில் தண்ணீர் கூடுதலாகச் சுடும். பொருத்தும் முன், பழைய வயரையும் சுவிட்சையும் உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் காட்டிவிடுங்கள்.