'டிக்'னு சத்தம் வருது, சிலிண்டர் நகரலை: சோலினாய்டு வால்வைப் பிரிச்சுப் பார்ப்போம்

ஸ்விட்சைப் போட்டதும் வால்வுல 'டிக்'னு ஒரு சத்தம். கனெக்டர்ல சிவப்பு லைட்டும் எரியுது. ஆனா சிலிண்டர் அசையக்கூட இல்லை. நியூமேட்டிக்ஸ் வச்சு ப்ராஜெக்ட் பண்ற யாரும் ஒரு தடவையாவது இந்த இடத்துல வந்து நிப்பீங்க. அதுவும் பெரும்பாலும் ரிவ்யூவுக்கு முந்தின நாள் சாயங்காலம்தான். டீம்ல ஒருத்தர் "காயில் போயிடுச்சு, புதுசு வாங்கிடலாம்"னு சொல்வார். இன்னொருத்தர் ஆலன் கீயை எடுத்துட்டு நேரா வால்வுக்கே போயிடுவார். ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்க. 'டிக்' சத்தம் வருதுன்னா காயில் அநேகமா நல்லாத்தான் இருக்கு. பழுது வேற இடத்துல.

இந்தக் கட்டுரைக்கு நம்ம லேப்கள்ல அதிகம் புழங்குற வால்வையே எடுத்துக்கலாம்: 5/2, ஒரு பக்கம் சோலினாய்டு, மறுபக்கம் ஸ்பிரிங், 24 வோல்ட் டி.சி. இதே மாதிரி வால்வுகளை ஈச்சனாரியில ஜனாடிக்ஸ் கம்பெனி பல வருஷமா செய்யுது. சத்தி ரோட்டுல கணபதி வரைக்கும் போனாலே எந்தப் பட்டறையிலயாவது ஒண்ணு சீறிட்டு இருக்கும். ஸ்பின்னிங் மில்லுக்குப் போனா எண்ணி முடிக்க முடியாது. அதனால இதைக் கத்துக்கிட்டா ப்ராஜெக்டோட முடிஞ்சு போற விஷயம் இல்லை.

உள்ளே இருக்கிறது ரெண்டு வால்வு

வெளியே ஒண்ணா தெரிஞ்சாலும் உள்ளே ஒரு சின்ன வால்வு, ஒரு பெரிய வால்வு. காயிலுக்கு நடுவுல ஒரு குழாய், அதுக்குள்ள விரல் நுனி அளவுல ஒரு இரும்பு ப்ளஞ்சர். காயிலுக்கு கரன்ட் போனதும் ப்ளஞ்சர் மேலே எழும்பி, ஏறக்குறைய 1 மி.மீ. துளை ஒண்ணைத் திறக்கும். இதுதான் பைலட். அந்தத் துளை வழியா போற காற்று ஒரு குட்டி பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன், ஸ்பூல்னு சொல்ற நீளமான தண்டைத் தள்ளும். ஸ்பூல் நகர்ந்தாத்தான் 1-ஆம் போர்ட்டுல வர்ற காற்று, 2-ஐ விட்டுட்டு 4-க்குப் போகும்.

ஆக, காயில் ஸ்பூலை நகர்த்துறது இல்லை, காற்றுதான் நகர்த்துது. நம்ம காதுல விழுற 'டிக்' ப்ளஞ்சர் போட்ட சத்தம். ஸ்பூல் நகர்ந்துச்சுங்கறதுக்கு அது சாட்சி ஆகாது. இது புரிஞ்சா பாதி ரிப்பேர் முடிஞ்ச மாதிரி. உதாரணத்துக்கு, இந்த மாதிரி பைலட் வால்வுகளுக்குப் பொதுவா 1.5 முதல் 2 பார் அழுத்தமாவது வேணும். யாரோ ரெகுலேட்டரை 1 பாருக்குத் திருகி வச்சுட்டுப் போயிருந்தா 'டிக்' வரும், சிலிண்டர் வராது. வால்வைக் குறை சொல்றதுக்கு முன்னாடி கேஜைப் பாருங்க.

கேஜ் சரியா இருந்தா அடுத்தது மேனுவல் ஓவர்ரைடு. பைலட் பக்கத்துல சின்னதா ஒரு பட்டனோ திருகோ இருக்கும். கையைச் சிலிண்டர்கிட்டயிருந்து எடுத்துட்டு, சின்ன ஸ்க்ரூடிரைவரால அதை அழுத்துங்க. சிலிண்டர் ஓடுச்சுன்னா ஸ்பூல் நல்லா இருக்கு, கரன்ட் பக்கம் போங்க. காயில்ல 4.8 வாட்னு போட்டிருந்தா 24 வோல்ட்டுக்கு 0.2 ஆம்பியர்; மல்டிமீட்டர்ல சுமார் 120 ஓம் காட்டணும். ஆர்டுயினோ பின் ஒண்ணு தாராளமா தர்றது 20 மில்லி ஆம்பியர்தான், அதுவும் 5 வோல்ட்டுல. நடுவுல மாஸ்ஃபெட்டோ ரிலேயோ வேணும், காயிலுக்குக் குறுக்கே ஒரு டயோடும் வேணும். எஸ்.எம்.பி.எஸ்.ல இருந்து கிளம்பின 24 வோல்ட், மெலிசான ஒயர்ல போய் காயில்ல 18 ஆகிடுச்சுன்னா ப்ளஞ்சர் அரைகுறையா எழும்பும். அதுக்கும் 'டிக்' சத்தம் வரும்.

இன்னொரு புகார், எக்ஸாஸ்ட்ல காற்று நிக்காம சீறுறது. இதுக்கும் உடனே வால்வைப் பிரிக்காதீங்க. ஏர் லைனை மூடி காற்றை இறக்கிட்டு 2, 4 ரெண்டு ட்யூபையும் கழற்றி, அந்தப் போர்ட்டுகளை ப்ளக் போட்டு அடைச்சுட்டு மறுபடி காற்று கொடுங்க. சீறல் நின்னுடுச்சுன்னா வால்வு நிரபராதி. சிலிண்டருக்குள்ள பிஸ்டன் சீல் தேஞ்சு, ஒரு பக்கத்துக் காற்று மறுபக்கம் கசிஞ்சு வால்வு வழியா வெளியே வந்திருக்கு. நல்ல வால்வைப் பிரிச்சு அதையும் கெடுத்து வைக்கிறது பெரும்பாலும் இந்த சோதனையைச் செய்யாததாலதான்.

கைக்கு வேலை வர்றதுக்கு முன்னாடி

இந்த ஒரு பத்தியை மட்டும் தாண்டிப் போகாதீங்க. 50 மி.மீ. போர் சிலிண்டரோட பரப்பு சுமார் 1963 சதுர மி.மீ. 6 பார்ங்கறது சதுர மி.மீ.க்கு 0.6 நியூட்டன். பெருக்கிப் பாருங்க: ஏறக்குறைய 1178 நியூட்டன், அதாவது 120 கிலோ எடை. நடுவுல விரல் இருந்தா என்ன ஆகும்னு விளக்க வேண்டியதில்லை. இதுல நிறைய பேர் ஏமாறுற இடம் ஒண்ணு உண்டு. "பவரை ஆஃப் பண்ணிட்டேன், கையை வைக்கலாம்"னு நினைக்கிறது. நம்ம வால்வுல பவர் போனதும் ஸ்பிரிங் ஸ்பூலைத் திருப்பி விடும். அந்த நொடியிலயே சிலிண்டர் முழு பலத்தோட திரும்பி வரும். அதனால முதல்ல காற்று, அப்புறம்தான் கரன்ட். ஏர் லைனை மூடுங்க, ஓவர்ரைடை ரெண்டு மூணு தடவை அழுத்தி மிச்சக் காற்றை வெளியேத்துங்க, கேஜ் பூஜ்யத்துக்கு வந்ததைப் பாருங்க, சிலிண்டர் எதையாவது தூக்கிட்டு நின்னா அதுக்கு அடியில கட்டை கொடுங்க. அதுக்கு அப்புறம் பவரை எடுங்க.

பிரிக்கிறது

ஒரு ட்ரேயில வெள்ளைத் துணி விரிச்சுக்கோங்க. சின்ன ஸ்பிரிங் தரையில விழுந்தா கிடைக்காது. ஒவ்வொரு படியிலயும் போன்ல ஒரு படம் எடுங்க. எந்த ட்யூப் 2, எந்த ட்யூப் 4னு மார்க்கர்ல எழுதிட்டுக் கழற்றுங்க.

முதல்ல காயில் மேல இருக்கிற நட், அப்புறம் காயில். கழற்றின காயிலுக்கு யாரும் "டெஸ்ட் பண்றேன்"னு பவர் கொடுத்துடாதீங்க. டி.சி. காயில் சூடாகிறதோட போகலாம். 230 வோல்ட் ஏ.சி. காயில்னா நடுவுல இரும்பு இல்லாததால இண்டக்டன்ஸ் குறைஞ்சு, கரன்ட் ஏகத்துக்கும் ஏறி, கொஞ்ச நேரத்துலயே கருகிடும். நல்லா இருந்த காயிலை நாமே கொன்ன கதை ஆயிடும்.

அடுத்து பைலட்டோட ரெண்டு திருகு. அதைத் தூக்கும்போது அடியில இருக்கிற ரப்பர் கேஸ்கெட் எந்தப் பக்கமா உட்கார்ந்திருக்குன்னு கண்டிப்பா படம் எடுங்க. ப்ளஞ்சரையும் அதோட ஸ்பிரிங்கையும் ஒரு கவர்ல போட்டு வைங்க. கடைசியா ரெண்டு பக்கத்து மூடிகள். ஸ்பிரிங் பக்க மூடியை உள்ளங்கையால அழுத்திப் பிடிச்சுட்டே திருகை எடுக்கணும். ஸ்பூலை வெளியே தள்ள பென்சிலோ ப்ளாஸ்டிக் குச்சியோ போதும். ஸ்க்ரூடிரைவரை உள்ளே விட்டா போர்ல கீறல் விழும், அந்தக் கீறல் வழியா காற்று வாழ்நாள் பூரா கசியும்.

அழுக்கைத் துடைக்காதீங்க, முதல்ல படிங்க

எனக்கு இந்த வேலையில ரொம்பப் பிடிச்ச கட்டம் இதுதான். ஸ்பூல்ல ஒட்டியிருக்கிற அழுக்கு, காற்று எந்த வழியா வந்துச்சுன்னு சொல்லிடும்.

கிரீஸ் பால் மாதிரி வெளுத்திருந்தா தண்ணி. காற்றுல எங்கிருந்து இவ்வளவு தண்ணின்னு சந்தேகம் வந்தா ஒரு கணக்கு. 30 டிகிரியில ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். மழை பெய்ற நாள்ல ஈரப்பதம் 80 சதவீதம்னா அதுல 24 கிராம் இருக்கும். கம்ப்ரஸர் 6 பார் கேஜ் அழுத்தத்துக்கு 7 கன மீட்டரை ஒண்ணா அமுக்குது. 168 கிராம் உள்ளே போச்சு. அந்த ஒரு கன மீட்டர் மறுபடி 30 டிகிரிக்கு ஆறினதும் தாங்குறது அதே 30 கிராம்தான். மிச்சம் 138 கிராம் தண்ணியா டேங்க்கிலயும் பைப்பிலயும் நிக்குது. ஒரு டம்ளர் நிறைய. டேங்க் ட்ரெயினைத் திறக்காம, எஃப்.ஆர்.எல். யூனிட்டோட கிண்ணத்தைக் காலி பண்ணாம விட்டா அதெல்லாம் வால்வைத் தேடித்தான் வரும்.

பழுப்பு நிறப் பொடி இருந்தா பழைய ஜி.ஐ. பைப்போட துரு. கறுப்பா பிசின் மாதிரி ஒட்டினா, சூட்டுல கருகின கம்ப்ரஸர் ஆயில். வெள்ளையா நூல் நூலா வந்தா சந்தேகமே வேண்டாம், நம்ம ஆளுங்க சுத்தின டெஃப்ளான் டேப். முதல் மரையை விட்டுட்டு ரெண்டாவது மரையிலிருந்து சுத்தணும். நுனியிலிருந்து சுத்தினா திருகும்போது அறுந்த துண்டு நேரா பைலட் துளையில போய் உட்காரும். புது ப்ராஜெக்ட்ல வால்வு முதல் நாளே மக்கர் பண்ணினா நான் முதல்ல தேடுறது இதைத்தான். அடுத்தது பஞ்சு. மில்லுல பறக்கிற பஞ்சைக் கம்ப்ரஸர் இழுக்கிறது ஒரு வழி. திருப்பூர்ல இருந்து வர்ற பனியன் வேஸ்ட்டால வால்வைத் துடைக்கிறது இன்னொரு வழி. எண்ணெய்க் கையைத் துடைக்க அதை மிஞ்சின பொருள் கிடையாது. ஆனா வால்வுக்குள்ள ஒரு இழை விட்டுட்டுப் போனாலே போதும்.

ஒரு இழையால என்ன வந்துடும்னு கேக்கலாம். பல்லடம் பக்கம் ஓடுற ஏர்ஜெட் தறியை நினைச்சுப் பாருங்க. ஊடு நூலைக் காற்றுதான் தள்ளிட்டுப் போகுது. வழி நெடுக இருக்கிற நாசில்களை சோலினாய்டு வால்வுகள் ஒண்ணு அடுத்து ஒண்ணா திறந்து மூடுது. நிமிஷத்துக்கு 600 ஊடு நூல்னா ஒண்ணுக்குக் கிடைக்கிற நேரம் 100 மில்லி செகண்ட். ஒரு வால்வு சில மில்லி செகண்ட் சோம்பினாலும் நூல் மறுகரைக்குப் போய்ச் சேராது, தறி நின்னுடும்.

இதே வால்வோட தம்பி ஒருத்தன் பெயிண்ட்பால் துப்பாக்கிக்குள்ள இருக்கான். (அதை 'மார்க்கர்'னு சொல்றதுக்குக் காரணம், அது மரத்துக்கும் மாட்டுக்கும் பெயிண்ட் அடையாளம் போட வந்த கருவி. 1981-ல அமெரிக்காவோட நியூ ஹாம்ப்ஷயர்ல சிலர் அதை வச்சு விளையாட ஆரம்பிச்சாங்க.) இன்னிக்கு எலக்ட்ரானிக் மார்க்கர்ல ட்ரிக்கரை அழுத்தினதும் ஒரு குட்டி சோலினாய்டு சில மில்லி செகண்ட் திறந்து மூடும். பாட்டில்ல அடைச்ச காய்ஞ்ச காற்று என்பதால அங்கே தண்ணித் தொல்லை குறைவு, கிரீஸ்தான் வில்லன். ரொம்ப நேரம் சும்மா இருந்தா சீல் ஒட்டிக்கிட்டு முதல் குண்டு மட்டும் மெதுவா போகும். ஞாயித்துக்கிழமை லீவு விட்ட மெஷின் திங்கள் காலையில முதல் ஸ்ட்ரோக்கை மட்டும் தயங்கித் தயங்கி அடிக்கிறதும் இதே வியாதிதான். பிரிக்கிற விதியும் ஒண்ணுதான்: அவங்களும் முதல்ல ஏர் பாட்டிலைக் கழற்றிட்டுத்தான் மத்ததைத் தொடுவாங்க.

கழுவி, மாட்டி, ஓட்டிப் பார்க்க

பாடியை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணியில நைலான் பிரஷ்ஷால தேய்ச்சுக் கழுவி, நல்லா உலர விடுங்க. தின்னர், அசிட்டோன் பக்கமே போகக் கூடாது. பெரும்பாலான சீல்கள் நைட்ரைல் ரப்பர், அது வீங்கிப் போயிடும். வீங்கின ஓ-ரிங் பார்க்க நல்லாத்தான் இருக்கும், மாட்டினா ஸ்பூல் இறுகிடும். பைலட் துளையைக் குத்த ஊக்கு வேண்டாம். துளையோட விளிம்பு சிதைஞ்சா ப்ளஞ்சர் ரப்பர் அதை மூடவே மூடாது. பழைய டூத் பிரஷ்ஷோட ஒரு முடி போதும்.

ஓ-ரிங் தட்டையாகியிருந்தா, வெட்டு விழுந்திருந்தா, சீல் கிட் வாங்கி மாத்துங்க. வால்வோட மாடல் நம்பரைச் சொல்லிக் கேளுங்க. கண்ணளவுல "இது மாதிரியே ஒண்ணு" வாங்கினா சரிப்படாது. கிரீஸ் விஷயத்துல கஞ்சத்தனம் நல்லது. தயாரிப்பாளர் சொன்ன கிரீஸை, ஓ-ரிங் பளபளன்னு தெரியற அளவுக்குத் தடவினா போதும். டபிள்யூடி-40-ஐ மசகா நினைச்சு அடிக்காதீங்க, இருக்கிற கிரீஸையும் அது கழுவிட்டுப் போயிடும். லூப்ரிகேட்டர்ல ஒரு தடவை ஆயில் விட ஆரம்பிச்ச வால்வுக்கும் இதே கதைதான். கம்பெனியில தடவின கிரீஸ் ஆயிலோட போயிருக்கும், அப்புறம் ஆயிலை நிறுத்தக் கூடாது.

ஸ்பூலை லேசா திருகிக்கிட்டே உள்ளே விடுங்க. நேரா குத்தித் தள்ளினா போர்ட் விளிம்புல ஓ-ரிங் அறுபடும். உள்ளே போனதும் விரலால தள்ளினா வழுக்கிட்டுப் போகணும், ஸ்பிரிங் அதைத் திருப்பிக் கொண்டு வரணும். பைலட் கேஸ்கெட்டை உங்க போன் படத்தோட ஒப்பிட்டு வைங்க. திருப்பி வச்சா காற்றுத் துளை அடைபட்டு, நீங்க ஆரம்பிச்ச அதே 'டிக்' நிலைமைக்கே வந்து நிப்பீங்க. பாடி அலுமினியம், அதனால திருகுகளை எதிரெதிரா, கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க.

வால்வோட இணைக்கிறதுக்கு முன்னாடி, ட்யூபோட முனையை ஒரு துணிக்குள்ள இறுக்கிப் பிடிச்சு, காற்றை ஒரு நொடி திறந்து விடுங்க. பைப்புல தங்கின குப்பை அந்தத் துணியில வந்துடும். அப்புறம் 2 பார்ல ஓவர்ரைடு, அடுத்து கரன்ட், கடைசியா 6 பார். சோப்பு நுரையை இணைப்புகள்ல தடவி குமிழி வருதான்னு பார்த்துட்டு, ஒரு ஐம்பது ஸ்ட்ரோக்காவது ஓட்டுங்க.

இவ்வளவும் செஞ்சும் எக்ஸாஸ்ட்ல சீறினா போரை டார்ச் அடிச்சுப் பாருங்க. ஸ்பூல்லயோ போரோட வாய்ப்பக்கமோ நகத்தை ஓட்டும்போது கீறல் தட்டுப்பட்டா அந்த வால்வு தேறாது, விட்டுடலாம். அதோட காயில், கனெக்டர், மூடித் திருகுகளை மட்டும் கழற்றி, வோல்ட்டேஜை எழுதி ஒரு டப்பாவுல போட்டு லேப் அலமாரியில வைங்க. அடுத்த பேட்ச்ல யாராவது ரிவ்யூவுக்கு முந்தின நாள் தேடி வருவாங்க.