புதிதாக மவுஸ் பிடிக்கும் பிள்ளைக்கு

கண்ணு, கவுன்டர்-ஸ்ட்ரைக் ஆடத் தொடங்கிவிட்டாய். குறி தப்பும்போதெல்லாம் செட்டிங்ஸைத் திறக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். ஆடியும், ஆடுகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், கேள்.

1. டிபிஐ, சென்சிட்டிவிட்டி இரண்டையும் பிரித்துப் புரிந்துகொள். டிபிஐ மவுஸின் கணக்கு. 800 என்றால், ஓர் அங்குலம் நகர்த்தினால் 800 துடிப்புகள் கணினிக்குப் போகும். ஒவ்வொரு துடிப்புக்கும் பார்வை எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதை ஆட்டத்தின் சென்சிட்டிவிட்டி முடிவுசெய்யும். 400 டிபிஐயில் 2 வைத்தவரும், 800-இல் 1 வைத்தவரும் ஒரே வேகத்தில்தான் திரும்புகிறார்கள். பெருக்கிப் பார்க்காமல் யாரோடும் உன்னை ஒப்பிடாதே.

2. பெரிய எண்ணுக்கு ஆசைப்படாதே. பெட்டியில் 25,600 டிபிஐ என்று போட்டிருப்பதைப் பார்த்து ஒரு பையன் வீட்டில் அடம்பிடித்து மவுஸ் வாங்கினான். கடைசியில் 800-இல்தான் ஆடினான். பழைய மவுஸிலும் 800 இருந்தது.

3. உன் மேசையை அளந்து பார். 800 டிபிஐ, சென்சிட்டிவிட்டி 1 என்றால் ஒரு முழுச் சுற்றுக்கு மவுஸ் ஏறக்குறைய 52 சென்டிமீட்டர் போக வேண்டும். விடுதி அறையின் சின்ன மேசையில் ஆடிய ஒருத்தி, தான் காப்பியடித்திருந்த ஒரு சாம்பியனின் எண்ணை விட்டுவிட்டு 1.6-க்கு ஏற்றினாள், 32 சென்டிமீட்டர் போதுமானதாயிற்று. அதன் பிறகுதான் முதுகுப்பக்கம் வந்தவனை அவளால் சுட முடிந்தது. எண்ணை இரவல் வாங்கலாம், இடத்தை வாங்க முடியாது.

4. விண்டோஸில் 'என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்' என்பதை அணைத்துவிடு. அது இருந்தால், ஒரே தூரம் நகர்த்தினாலும் கையின் வேகத்தைப் பொறுத்து அம்புக்குறி கூடவோ குறையவோ போகும். சில ஆட்டங்கள் மவுஸை நேரடியாகப் படிப்பதால் அவற்றை இது பாதிக்காது, எல்லாம் அப்படியல்ல. அளக்கும் படியே நாளுக்கு நாள் மாறினால் நெல்லை எப்படி அளப்பாய்?

5. வேறு ஆட்டத்துக்குப் போனாலும் பழகிய கையை விட்டுவிடாதே. வாலரன்ட்டுக்கு மாறும்போது உன் சென்சிட்டிவிட்டி எண்ணை 3.18-ஆல் வகு. 1 என்பது 0.314 ஆகும், கைக்கு வித்தியாசம் தெரியாது.

6. தோற்ற இரவில் எண்ணைத் தொடாதே. சில வாரம் பொறு. குறி எப்போதும் எதிராளியைத் தாண்டியே போகிறதா, கொஞ்சம் குறை. எப்போதும் எட்டாமல் நிற்கிறதா, கொஞ்சம் கூட்டு. சில நாள் தாண்டியும் சில நாள் எட்டாமலும் போனால் குறை எண்ணில் இல்லை. கோபத்தில் மாற்றுகிறவர்கள் மறுநாளும் மாற்றியதைத்தான் பார்த்திருக்கிறேன்.

7. எண் நிலைத்த பிறகு உன் ஆட்டத்தைக் கவனி. குறியைத் தலை மட்டத்தில் வைத்திருந்தாயா? நின்று சுட்டாயா, ஓடிக்கொண்டே சுட்டாயா? இந்தக் கேள்விகளை உன்னிடமே நேர்மையாகக் கேட்கப் பழகிவிட்டால், செட்டிங்ஸைத் திறக்கும் தேவை தானாகக் குறையும்.