மருந்து தோற்றால் செல்லின் உணவைப் பாருங்கள்

பெருங்குடல் புற்றுநோயில் மருந்தெதிர்ப்பை ஆராய வரும் இளையோருக்கு:

1. மருந்தின் பிறப்பை அறிந்துகொள்ளுங்கள். எலியின் கல்லீரல் கட்டி இயல்பான திசுவைவிட அதிகமாக யுராசிலை எடுத்துக்கொள்வது 1950களில் தெரியவந்தது. அதைப் பிடித்துக்கொண்டு சார்லஸ் ஹைடல்பெர்கர் குழு 1957-இல் 5-ஃப்ளோரோயுராசிலை அறிவித்தது. செல்லின் பசியை நம்பிப் பிறந்த மருந்து இது. பசி மாறினால் மருந்தின் பலனும் மாறும்.

2. மருந்து உள்ளே போனால் மட்டும் போதாது. யுஎம்பி சிந்தேஸ் போன்ற செல்லின் சொந்த நொதிகள்தான் அதைச் செயல்பட வைக்கின்றன. பிறகே அது தைமிடிலேட் சிந்தேஸை முடக்கும். முடக்க வேண்டிய நொதி மிகுந்தாலும், மருந்தைச் சிதைக்கும் டிபிடி நொதி மிகுந்தாலும் செல் பிழைத்துக்கொள்ளும். புதிய மரபணுவைத் தேடிப் போகுமுன் இந்த மூன்றையும் அளந்துவிடுங்கள்.

3. செல் வளர்க்கும் மீடியம் புட்டியின் மேலுள்ள சீட்டைப் படியுங்கள். குளுக்கோஸ் மிகுந்த டிஎம்இஎம் மீடியத்தில் குளுக்கோஸின் அளவு 25 மில்லிமோலார். உண்ணாநிலையில் நம் இரத்தத்தில் ஏறக்குறைய 5. மனித பிளாஸ்மாவை ஒத்த மீடியத்தில் செல்களை வளர்த்த 2017-ஆம் ஆண்டு ஆய்வு, யூரிக் அமிலம் யுஎம்பி சிந்தேஸைத் தடுத்து இந்த மருந்தின் வீரியத்தைக் குறைப்பதைக் காட்டியது. எலியின் இரத்தத்தில் யூரிக் அமிலம் நம்மைவிட மிகக் குறைவு. எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்தாதீர்கள்.

4. விஞ்ஞானி வார்பர்க்கின் கண்டுபிடிப்போடு நின்றுவிடாதீர்கள். ஆக்சிஜன் இருந்தும் கட்டி குளுக்கோஸை லாக்டேட்டாக்குவதை அவர் 1920களில் கண்டார். ஆனால் கீமோவுக்குத் தப்பிய பெருங்குடல் புற்றுச் செல்கள் மைட்டோகாண்ட்ரியாவைக் கூடுதலாக நம்புவதும் உண்டு. லாக்டேட்டையும் ஆக்சிஜன் செலவையும் சேர்த்தே அளவிடுங்கள்.

5. எம்டிடி சோதனையை மட்டும் நம்பாதீர்கள். அதில் தோன்றும் நிறம் செல்லின் வளர்சிதை மாற்றத்தால் வருவது. செல் சாகாமலே நிறம் குறையலாம். உயிருள்ள செல்களையும் எண்ணுங்கள்.

6. குடலில் செல் தனியாக வாழவில்லை. ஃபியூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம் என்ற பாக்டீரியா, செல்லின் தன்னுண்ணலைத் தூண்டிக் கீமோவிலிருந்து காக்கிறது என 2017-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. கிருமியற்ற தட்டில் இது தெரியாது.

7. "சர்க்கரையை நிறுத்தினால் கட்டி பட்டினியால் சாகுமா?" என்று நோயாளியின் வீட்டார் கேட்பார்கள். ஆய்வகத் தட்டில் கண்டதை அவர்களுக்கு உணவுமுறையாகச் சொல்லாதீர்கள். உணவைக் குறைத்தாலும் கல்லீரல் இரத்தத்தில் குளுக்கோஸைச் சேர்த்துக்கொண்டே இருக்கும், மெலிவது நோயாளிதான். மெலிந்த உடல் கீமோவைத் தாங்காது. நன்றாகச் சாப்பிடச் சொல்லி, மருத்துவரிடம் அனுப்பிவையுங்கள்.